கோதாரிக் கிண்ணம்

மல்வேர்னில் வசிக்கும் தியாகலிங்கத்துக்கு ஆங்கிலம் தெரியாது என்று அவருடைய மகன் வாகீசன் ஏறத்தாழ முப்பது வருடங்களாக எல்லோருக்கும் சொல்லி வந்தார். இது தவறான தகவல். தியாகலிங்கத்துக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ரொறன்ரோவில் வேறு யாருக்கும் தெரியாத ஆங்கிலம் அது. குறை அவ்வளவுதான்.

அவர் இங்கே வந்து இறங்கியது 1987 பெப்ரவரி 11, புதன்கிழமை. அப்போது வயது முப்பத்துநான்கு. ஆங்கிலத்தில் யெஸ், நோ, ரெஃபியூஜி என்ற மூன்று சொற்கள் கைவசம் இருந்தன. அந்த நாட்களில் அவை போதுமானவையாக இருந்தன. புதிதாக வந்தவர்களுக்கான ஆங்கில வகுப்புக்கு நான்கு மாலைகள் போனார். நான்காவது மாலை வகுப்பு ‘இது என் பேனா’ என்பது வரை முன்னேறியிருந்தது. ஐந்தாவது மாலைக்கு முன் வேலை கிடைத்துவிட்டது. பேனா தேவைப்படாத வேலை.

ஜூன் 8, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, ஒஷாவாவில் கார் இருக்கைகளுக்கு மெத்தை செய்யும் ஒரு தொழிற்சாலையில், மெத்தை வார்க்கும் நான்காம் இலக்க அச்சு இயந்திரத்தில் அவரை நிறுத்தினார்கள். ஓர் இயந்திரத்துக்கு இரண்டு பேர். மற்றவர் அலெக் ரெனி. ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்து, 1957இல் கனடாவுக்கு வந்தவர். அந்தக் கரைப் பேச்சு ஸ்கொட்லாந்தின் மற்றப் பக்கத்தாருக்கே முழுதாக விளங்காது. அது தனி மொழியா, ஆங்கிலத்தின் கிளையா என்று அவர்கள் தங்களுக்குள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். நாம் அதில் தலையிட வேண்டியதில்லை. நம்முடைய சண்டைகளே நமக்குப் போதும்.

அலெக் ‘என்ன’ என்பதற்கு ‘ஃபிட்’ என்பார். ‘எங்கே’ என்பதற்கு ‘ஃபார்’. சுகம் விசாரிப்பதென்றால் ‘ஃபிட் லைக்’. பெடியன் என்றால் ‘லூன்’, பெட்டை என்றால் ‘குவைன்’. இதுதான் ஆங்கிலம் என்று தியாகலிங்கம் நம்பினார். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. பேசுகிறவர் வெள்ளைக்காரர், நாள் முழுக்கப் பேசுகிறவர், கட்டணம் கேட்காதவர். பன்னிரண்டு வருடம், நான்கு மாதம், மூன்று வாரம் அவரிடம் படித்தார். கலாநிதிப் பட்டத்துக்குக்கூட இவ்வளவு காலம் எடுப்பதில்லை.

“எல்லாரும் இப்பிடித்தான் கதைக்கினம் எண்டு நினைச்சன் அண்ணை,” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். “ரீவியில வாறவைதான் பிழையாய்க் கதைக்கினம் எண்டு நினைச்சன்.”

உண்மை 1996 நவம்பரில் வெளிப்பட்டது. வாகீசனுக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு. தியாகலிங்கம் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போய், மகனின் கணிதத்தைப் பற்றிப் பத்து நிமிடம் சரளமாக விசாரித்தார். ஆசிரியை முகம் சிவந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வாகீசனைத் தனியே அழைத்து, “உன் அப்பா என்னைக் கேலி செய்கிறாரா?” என்று கேட்டார்.

அன்று காரில் திரும்பும்போது வாகீசன் சொன்னது: “அப்பா, இனிமேல் நீங்கள் தமிழில சொல்லுங்கோ. நான் translate பண்ணுறன், okay?”

அன்றிலிருந்து வங்கி, வைத்தியர், அயலவர் என்று எல்லா இடத்திலும் மகனே மொழிபெயர்த்தார். வாகீசன் இப்போது மில்லிக்கனில் வீடு விற்பனைப் பத்திரங்கள் எழுதும் வழக்கறிஞர். பிறர் சார்பில் பேசுகிற பழக்கம் எங்கே தொடங்கியது என்பதில் ஐயமில்லை. எங்கள் மூத்தோர் சங்கத்திலும் தியாகலிங்கத்துக்கு மரியாதை குறைவில்லை. ‘ஸ்கொட் தியாகு’ என்று பெயர் வைத்து, தேநீர் இடைவேளையில், “தியாகு, ஒருக்கா இங்கிலீசு கதைச்சுக் காட்டும்” என்று கேட்பார்கள். கிளிக்குக்கூட ஒரு பழம் கொடுத்துவிட்டுத்தான் அப்படிக் கேட்பார்கள்.

படிப்பு ஒருவழியாக மட்டும் நடக்கவில்லை. அலெக்கும் படித்தார். சும்மா, பைத்தியத்துக்கான விசர், தொல்லைக்கான அரியண்டம் ஆகிய மூன்று சொற்கள் இல்லாமல் ஒரு தொழிற்சாலையில் எப்படி இவ்வளவு காலம் வேலை செய்தேன் என்று ஆச்சரியப்படுவாராம். நான்காவது கோதாரி. எங்கள் ஊரில் ஒருகாலத்தில் ஆட்களைக் கொண்டுபோன கழிச்சல் நோயின் பெயர் அது. நோய் போய்விட்டது, பெயர் திட்டுவதற்கு மிஞ்சிவிட்டது. இயந்திரம் நின்றால் கோதாரி. மழை பெய்தால் கோதாரி. மேற்பார்வையாளர் வந்தால் இருவரும் ஒரே குரலில் கோதாரி. அவர் அதை வணக்கம் என்று நினைத்துத் தலையசைத்துப் போவார்.

இனி அலெக்கின் குறிப்பேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு தடித்த பரிசோதனைக் குறிப்பேடு உண்டு. தேதி, எண்ணெய், வெப்பம், காவல் தட்டு, குறிப்பு என்று கட்டங்கள். கடைசியில் இயக்குபவர் கையெழுத்து, மேற்பார்வையாளர் கையெழுத்து. நான்காம் இலக்கத்தின் பழைய குறிப்பேடு ஒன்றை அலெக் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து கதை எழுதினார். இருபது நிமிட இடைவேளைகளில், தன் ஊர்ப் பேச்சில், காதுக்குப் பட்ட எழுத்துக்கூட்டலில், மொத்தம் பதினேழு கதைகள்.

வீட்டில் எழுத முடியாது. மனைவி ரொறன்ரோவில் பிறந்த பள்ளி ஆசிரியை. மகளின் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று அந்தப் பேச்சை வாசலுக்கு உள்ளே விடமாட்டார். பிள்ளையோடு தாய்மொழியில் பேசினால் பிள்ளை வகுப்பில் பின்தங்கிவிடும் என்று நடுங்குவது ஈழத் தமிழரின் தனிச் சொத்து என்று நாம் எவ்வளவோ கட்டுரைகள் எழுதிவிட்டோம். அந்தப் பெருமையை இத்துடன் கைவிடலாம்.

1999 ஒக்டோபர் 29, வெள்ளிக்கிழமை அலெக் ஓய்வு பெற்றார். போகும்போது குறிப்பேட்டைத் தியாகலிங்கத்திடம் கொடுத்தார். அவர் சொன்னதை நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். தியாகலிங்கமும் எனக்கு அப்படித்தான் சொன்னார்.

“வீட்டில வைச்சால் குப்பைக்குப் போயிடும், லூன். நீ வைச்சிரு. ஆரும் அச்சடிக்கக் கேட்டால் குடு. ஆனால் ஒருத்தரையும் திருத்த விடாதை. திருத்திறவங்களுக்குப் பயந்துதான் இதை இஞ்ச இருந்து எழுதினனான்.”

தியாகலிங்கம் ஓம் என்றார். அலெக் 2006இல் இறந்தார். யாரும் அச்சடிக்கக் கேட்கவில்லை. குறிப்பேடு இருபத்துநான்கு வருடங்கள் சாமி அறை அலுமாரியில், பஞ்சாங்கங்களுக்குக் கீழே இருந்தது.

2024 மார்ச்சில் நூலக அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். ஒஷாவாவில் இயங்கும் ஒரு ஸ்கொட்லாந்துச் சங்கம் தன் அறுபதாவது ஆண்டு மலருக்குப் பழைய ஸ்கொட் மொழிப் படைப்புகளைக் கேட்டிருந்தது. ‘கலப்பற்ற மொழியில் அமைந்தவை மட்டும்’ என்று தடித்த எழுத்தில் நிபந்தனை. கீழே, தொடர்புக்கு: செயலாளர் மார்கரெட் ரெனி.

“அலெக்கின்ர மேள், அண்ணை,” என்றார் தியாகலிங்கம். “போகத்தான் வேணும். வாக்குக் குடுத்தனான்.”

கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் கார் ஓட்டுவதில்லை. ஏப்ரல் 20, சனிக்கிழமை, என் காரில் போனோம். குறிப்பேடு ஒரு மரக்கறிக் கடைப் பையில், அவர் மடியில் இருந்தது.

சங்கம் என்றால் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும் என்பதால் உள்ளே போனவுடன் சொந்த இடத்துக்கு வந்தது போலிருந்தது. பதினொரு வருடங்களாக விலக விரும்பியும் விலக முடியாத தலைவர். அவரோடு பேசாத பொருளாளர். திறப்புத் தொலைந்த அலுமாரி. சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள், ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஆண்கள் கட்டம் போட்ட பாவாடை அணிந்திருந்தார்கள். அதைப் பாவாடை என்று சொல்லக்கூடாதாம். வேட்டியைப் போர்வை என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணி நான் வாயை மூடிக்கொண்டேன்.

தலைவர் டொக்டர் கிரஹாம், பல் வைத்தியர். ஸ்கொட்லாந்திலிருந்து வந்தது அவருடைய பூட்டன், 1911இல். இவர் பிறந்தது இங்கே பக்கத்தில், எயாக்ஸில். சங்கத்துக்கு வரும்போது உடையோடு சேர்த்து ஓர் உச்சரிப்பையும் அணிந்து வருவார். படங்களில் வாள் வைத்திருப்பவர்கள் பேசுகிற உச்சரிப்பு அது.

தியாகலிங்கம் முன்னால் போய், “ஃபிட் லைக்?” என்றார்.

டொக்டர் கிரஹாம் எழுந்தார். “ஐயா, எங்கள் பண்பாட்டை நகைச்சுவைக்குப் பயன்படுத்துவதை இந்தச் சங்கம் ஊக்குவிப்பதில்லை.”

தியாகலிங்கம் விளக்கினார். வந்த காரணம், அலெக், குறிப்பேடு எல்லாவற்றையும் நான்கு நிமிடம் தன் ஆங்கிலத்தில் சொன்னார். இருபத்துமூன்று ஸ்கொட்லாந்தியர்களில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும் போலிருந்தது. அப்போது, கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பெண்மணி பேனாவை வைத்தார்.

“இவர் கேலி செய்யவில்லை. என் அப்பா முகம் வழிக்கும்போது குளியலறைக்குள் இப்படித்தான் தனக்குத்தானே பேசுவார். அம்மா கதவைத் தட்டியதும் நிறுத்திவிடுவார்.” பிறகு தியாகலிங்கத்திடம், “நீங்கள்தான் லிங்கமா?” என்று கேட்டார்.

“ஓம்,” என்றார் தியாகலிங்கம். பதற்றத்தில் மொழி மாறிவிட்டது.

குறிப்பேட்டைப் பார்த்த பிறகு நிலைமை மாறியது. கதைகளில் இரண்டை மலரில் போடலாம் என்று தீர்மானித்தார்கள். மொழித் தூய்மைக் குழு ஒன்று, தலைவரும் இன்னும் இருவருமாக, அன்றே அமைந்தது. மூவரிடமும் அகராதி இருந்தது. மூவருக்கும் மொழி தெரியாது. மொழி தெரிந்த ஒருவர் அறையில் இருந்தார். ஆனால் சங்கச் சட்டமான யாப்பின் மூன்றாம் விதிப்படி பூர்வீகம் உள்ளவர்களே உறுப்பினராகலாம். தியாகலிங்கத்துக்கு ‘நண்பர்’ என்ற தகுதி வழங்கப்பட்டது. நண்பர்களுக்கு வாக்குரிமை இல்லை. கூட்டம் முடிந்ததும் கதிரைகளை அடுக்கலாம். அவர் அடுக்கினார்.

குழு, கதைப் பக்கங்களைப் படியெடுத்துக்கொண்டு, விளங்காத நாற்பத்துமூன்று சொற்களை ஒரு படிவத்தில் எழுதி அவருக்கு அனுப்பியது. இரண்டு நிரல்கள்: சொல், பொருள். தியாகலிங்கம் ஒவ்வொன்றாகப் பொருள் எழுதி அனுப்பினார். கோதாரி என்பதற்குக் ‘கெட்டது, அழிவு, கடலில் போனவனும் கும்பிட்டுத் தப்ப வேண்டியது’ என்று எழுதினார். கதையில் மீனவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். சொல் எங்கிருந்து வந்தது என்று படிவம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வாகீசன் பிற்பாடு இதைப் பாரதூரமான விடுபடல் என்றார். நான் படிவத்தைப் பார்த்தேன். மூன்றாவது நிரல் உண்மையில் இருக்கவில்லை.

அதைக் குழு தானாகவே சேர்த்துக்கொண்டது. செப்டெம்பர் 28ஆம் தேதி மலரின் அச்சுப்படி தியாகலிங்கத்தின் வீட்டுக்கு வந்தது. அவர் மனைவி ஜெயமலர் அதை அடுப்படி மேசையில் விரித்து வைத்து எங்களை அழைத்தார். முப்பத்தொன்பது சொற்களுக்கு அகராதி ஆதாரம். மிச்சம் நான்குக்கு ‘எந்த அகராதியிலும் இல்லாத அரிய தொல்சொற்கள்’ என்ற தனித் தலைப்பு. சும்மா: வடகடல் குடியேறிகளின் பழஞ்சொல்லாக இருக்கலாம். விசர்: புயல் வகை. அரியண்டம்: தொலைந்துபோன ஒரு தீவின் பெயராக இருக்கலாம். கோதாரி: பண்டைய மீனவர்கள் வழிபட்ட கடல் தேவதை. தலைவரின் முன்னுரை மூன்று பக்கமும் கோதாரி வழிபாட்டைப் பற்றியது. ஒரு பல்கலைக்கழகத்துக்கும் அறிவித்துவிட்டாராம். மேலும், இளையோர் பேச்சுப் போட்டிக்கு இவ்வருடம் முதல் ‘கோதாரிக் கிண்ணம்’ என்று பெயர்.

ஜெயமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “இஞ்சாருங்கோ, உது உங்கட தேவதைதானே. நேற்றும் வீட்டில ரெண்டு தரம் கும்பிட்டனீங்கள், குழாய் ஒழுகேக்க,” என்றார்.

தியாகலிங்கம் சிரிக்கவில்லை. அச்சுப்படியின் முதல் பக்கத்தைக் காட்டினார். கலப்பற்ற மொழியில் அமைந்தவை மட்டும்.

“தமிழ் எண்டு சொன்னால் வெட்டுவாங்கள், அண்ணை. அந்த இடத்தில அகராதிச் சொல்லுப் போடுவாங்கள். திருத்த விடாதை எண்டெல்லோ அவர் சொன்னவர்.”

“சொல்லாட்டி?”

“சொல்லாட்டி அப்பிடியே வரும். அவர் எழுதினபடி.”

“பொய்யோடை வரும்.”

“பொய் அவங்கட. எழுத்து அலெக்கின்ர.”

வாகீசன் அன்று வந்திருந்தார். “அப்பா, இது serious. University வரைக்கும் போயிருக்கு. நீங்கள் knowingly மறைச்சதெண்டு வந்தால்? நான் ஒரு email போடுறன். சொல்லெல்லாம் Tamil, sorry for the confusion, remove பண்ணுங்கோ எண்டு. Simple.”

“நீ போடவேண்டாம்.”

“உங்கட English-ஐ வைச்சு நீங்கள் போய்ச் சொல்லப்போறீங்களோ?”

ஜெயமலர் தேநீர் போட எழுந்தார். தியாகலிங்கம் குறிப்பேட்டை எடுத்து என் பக்கம் தள்ளி, “அண்ணை, ஒருக்காப் பாருங்கோ, ஏதும் வழி இருக்கோ எண்டு,” என்றார்.

நான் அதை முன்பக்கத்திலிருந்து திறந்தேன். கதைகள் பின்பக்கம் இருந்ததால் சங்கத்தில் ஒருவரும் முன்பக்கத்தைத் தொடவில்லை. இலக்கியம் தேடுகிறவர்கள் எண்ணெய் மட்டத்தைப் பார்ப்பதில்லை. தியாகலிங்கமும் பார்த்ததில்லை, அந்தக் கட்டங்களை நிரப்புவது அலெக்கின் வேலை. தேதி வாரியாக வாசித்தேன். எண்ணெய் சரி, வெப்பம் சரி, காவல் தட்டு சரி. குறிப்புக் கட்டம் பெரும்பாலும் வெறுமை. நூற்றுப் பதினான்காம் பக்கத்தில், 1991 மார்ச் 12, செவ்வாய்க்கிழமைக்கு எதிரே, குறிப்புக் கட்டத்தில் சிறிய எழுத்தில் ஏதோ இருந்தது. தியாகலிங்கத்திடம் கொடுத்தேன். அவர் மெதுவாக வாசித்து எங்கள் பேச்சில் சொன்னார்.

“லிங்கம் இண்டைக்கு ஒரு சொல்லுத் தந்தவன். கோதாரி. எங்கட ஊரில இவ்வளவு நல்ல சொல்லு இல்லை. நான் எடுத்திட்டன். இனி என்ர.”

கீழே அலெக்கின் கையெழுத்து. பக்கத்தில் மேற்பார்வையாளரின் கையெழுத்து. அவர் வாசித்திருக்க மாட்டார். ஆனால் கையெழுத்து முறைப்படி இருந்தது. சும்மா 1988 மே மாதத்திலும், மற்ற இரண்டும் 1990இலும் அதேபோல் பதிவாகியிருந்தன. மற்றவர்கள் சொல்லை எடுத்தால் ஒத்துக்கொள்வதில்லை. அலெக் தேதி போட்டு எடுத்திருந்தார்.

தியாகலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப சொல்லலாம்,” என்றார்.

ஒக்டோபர் 26, சனிக்கிழமை சங்கத்தின் நிர்வாகக் குழு கூடியது. ஏழு பேர். தியாகலிங்கம் மகனை அழைத்துப் போகவில்லை, என் காரில்தான் வந்தார். எழுந்து நின்று தன் ஆங்கிலத்தில் சொன்னார். அவர் சொன்னதை மார்கரெட் பாதி விளங்கி, பாதி குறிப்பேட்டைப் பார்த்து மற்றவர்களுக்குச் சொன்னார். கடல் தேவதை கழிச்சல் நோயாக மாறியபோது பொருளாளரின் முகத்தில் பதினொரு வருடத்துக்குப் பிறகு ஒரு மலர்ச்சி தெரிந்தது.

டொக்டர் கிரஹாமின் உச்சரிப்பு அன்று சரியாக ஒட்டவில்லை. “வருந்தத்தக்கது. ஆனால் தீர்வு எளிது. அந்த நான்கு சொற்களையும் நீக்கிவிட்டு நல்ல ஸ்கொட் சொற்களைப் போடுவோம். ஆசிரியர் உயிரோடு இருந்தால் அதையே விரும்புவார்.”

“ஆசிரியர் விரும்பியது நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது,” என்றார் மார்கரெட்.

“அது ஒரு தொழிற்சாலைப் பதிவு. இலக்கிய ஆதாரம் ஆகாது.”

“அதில் இரண்டு கையெழுத்து இருக்கிறது, கிரஹாம். உங்கள் தேவதைக்கு ஒன்றுகூட இல்லை.”

டொக்டர் கிரஹாம் தியாகலிங்கத்தின் பக்கம் திரும்பினார். “நண்பரே, இது எங்கள் மொழி. அதன் தூய்மையை நாங்கள் காக்க வேண்டும். நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.”

தியாகலிங்கம் பதில் சொன்னார். நான் தமிழில் தருகிறேன். “உங்கட மொழிதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் பன்னிரண்டு வரியம் அதைக் கதைக்க அவருக்கு ஆள் இருந்தது நான் மட்டும்தான். அவருக்கு என்ர சொல்லு வேணும் எண்டு பட்டுது, எடுத்தார். அதை வெட்டினால் அவரைத்தான் வெட்டுறியள்.”

மார்கரெட் இதை மொழிபெயர்க்கவில்லை. முழுக்க விளங்கியதா என்றும் தெரியவில்லை. “என் அப்பாவின் எழுத்துக்கு வாரிசு நான்,” என்றார். “எழுதியபடி போடுங்கள். இல்லையென்றால் போட வேண்டாம். என் வீட்டில் அவரை ஒருமுறை திருத்தியாயிற்று. அது போதும்.”

வாக்கெடுப்பு நடந்தது. எழுதியபடி வெளியிட நான்கு வாக்குகள், எதிராக மூன்று. பொருளாளரின் வாக்கு மொழிப் பற்றால் விழுந்ததா, தலைவர் மீதுள்ள பற்றால் விழுந்ததா என்பதைப் பதிவு காட்டாது. முன்னுரையை மாற்ற டொக்டர் கிரஹாம் மறுத்துவிட்டார். அதில் ‘என்பது ஒரு சாரார் கருத்து’ என்று நான்கு சொற்கள் சேர்ப்பதற்கு மட்டும் இணங்கினார். கிண்ணத்தில் பெயர் பொறித்தாகிவிட்டது, அதை ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார்.

கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சியது: விழாவில் கதைகளில் ஒன்றை யார் வாசிப்பது? தியாகலிங்கத்தின் உச்சரிப்பில் ஓர் அந்நியச் சாயல் இருப்பதாக எயாக்ஸில் பிறந்த தலைவர் வருத்தத்துடன் தெரிவித்தார். முதல் பக்கம் தலைவர், இரண்டாம் பக்கம் நண்பர் என்று முடிவாயிற்று.

நவம்பர் 30, சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு விழா. எங்கள் மேசையில் ஜெயமலர், வாகீசன், நான். வாகீசன் வந்தது அப்பாவுக்கு ஏதும் சிக்கல் வந்தால் பேசுவதற்கு. ஆட்டின் ஈரலையும் இதயத்தையும் அரைத்து அவித்த அவர்களுடைய பெரும் பண்டம் குழலிசையோடு ஊர்வலமாக வந்தது. ஆட்டு இரத்தத்தில் செய்யும் நம் இரத்த வறையை மேளம் அடித்துக் கொண்டுவரும் துணிவு நமக்கு இன்னும் வரவில்லை.

கோதாரிக் கிண்ணம் பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கிடைத்தது. அவள் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட, தாய் மகிழ்ச்சியில் அழுதார். “கோதாரி, கோதாரி” என்று நூற்றெண்பது பேர் மேசையில் தட்டினார்கள். எங்கள் மேசையில் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கவனமாகச் சாப்பிட்டோம்.

பிறகு வாசிப்பு. டொக்டர் கிரஹாம் முதல் பக்கத்தை வீரமாக வாசித்தார். அது ஒரு கிழட்டு மீனவர் தன் காற்சட்டையைத் தேடும் பகுதி. பெரும் கைதட்டல்.

தியாகலிங்கம் மேடைக்குப் போனார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, தாளைப் பார்க்காமலே தொடங்கினார். மூன்றாவது வரியில் மண்டபத்தில் ஒரு சிரிப்புக் கேட்டது. அடுத்த வரியில் மறுபடியும். சரியான இடங்களில் விழுந்த அந்தச் சிரிப்பு காஞ்சிபுரம் சேலை கட்டியிருந்த ஜெயமலருடையது. வெளியே பேச விடாத ஆங்கிலத்தைத் தியாகலிங்கம் வீட்டில் மனைவியோடுதான் பேசியிருக்கிறார். முன்வரிசையில் மார்கரெட் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

வாகீசன் குனிந்து தாயிடம் கேட்டார். “அம்மா, அப்பா என்ன சொல்லுறார்?”

“பொறு,” என்றார் ஜெயமலர், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். “பிறகு சொல்லுறன்.”

மலர் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் கோதாரி கடல் தேவதை. நாற்பத்தொன்றாம் பக்கத்தில், அலெக்கின் கதைகள் ஓர் எழுத்தும் மாறாமல் முடிந்த பிறகு, மார்கரெட் சேர்த்த அடிக்குறிப்பு இருக்கிறது. அதை நான் மூலப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பிழை இல்லை. ‘கோதாரி: தமிழ். அ. ரெனி, தி. லிங்கத்திடமிருந்து எடுத்தது. 12.3.1991, காலை முறை, நான்காம் இயந்திரம். எண்ணெய் சரி. வெப்பம் சரி.’